பேரம் பேசுவது யார்?

சனிக்கிழமை இரவு சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலை காதர்பேட்டை. திருப்பூர்ப் பாட்டாளியின் நாட்காட்டி இதுதான், தோழர்களே! புகைவண்டி நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். சந்து சந்தாகக் கடைகள், கடைகளின் முன்னே விரிப்புகள், விரிப்புகளின் மீது குவியல் குவியலாகப் பனியன்கள். ஒரு தாய் குனிந்து கிளறுகிறாள். பள்ளிக்குப் போகும் மகனுக்கு ஒரு சட்டை அகப்பட்டுவிட்டது.

"ஏனுங்ணா, இது என்ன வெலைங்க?"

"நூத்தி இருவதுங் அம்மணி."

"எம்பது வெச்சுக்குங்க."

"கட்டாதுங். நூறு குடுத்துட்டு எடுத்துக்குங்க."

தொண்ணூறில் முடிகிறது. விற்றவருக்கும் நட்டமில்லை, வாங்கியவளுக்கும் நட்டமில்லை. இருவர் முகத்திலும், தான்தான் வென்றோம் என்ற புன்னகை!

அந்தச் சட்டையின் கழுத்துப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சிறு துணித்துண்டு இருந்திருக்கும். கத்தரிக்கோல் பட்டுப் பாதி போயிருக்கும், அல்லது முற்றும் போயிருக்கும். போனது ஒரு பெயர். கடல் கடந்த நாட்டிலே, ஊருக்கு ஊர் கிளை திறந்து வைத்திருக்கும் ஒரு பெரிய சங்கிலிக் கடையின் பெயர். அந்தப் பெயர் தெருவோர விரிப்பில் கிடக்கக் கூடாதாம், மதிப்புக் குறைந்துவிடுமாம்! சட்டை மட்டும் கிடக்கலாம்.

எப்படி வந்தது அந்தச் சட்டை இங்கே? பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையைப் பார்த்த தோழர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி பட்டு ஒரு துளை, எந்திர எண்ணெய் ஒரு சொட்டு, கைக்கும் உடலுக்கும் சாயத்திலே ஒரு மயிரிழை மாற்றம், அளவிலே கால் அங்குலப் பிசகு: போதும், 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆர்டருக்கு மேல் கையிருப்பாகத் தைத்தது மிஞ்சினால் அது 'சர்ப்ளஸ்'. வாங்குவதாகச் சொன்ன அயல்நாட்டுக் கடை கையை விரித்துவிட்டால், பெட்டி பெட்டியாக மிஞ்சும். இத்தனையும் லாட் லாட்டாகக் கைமாறிக் காதர்பேட்டைக்கு வருகின்றன.

அந்தத் தாய் யார்? பவர் டேபிளிலே உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் தைப்பவளாக இருக்கலாம். கைமடி வேலை பார்ப்பவளாக இருக்கலாம். தான் தைத்த சட்டையைத் தானே குனிந்து கிளறிக் கண்டெடுத்து, தானே பேரம் பேசி வாங்குகிறாள்! 2024-25ஆம் ஆண்டிலே 39 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்த ஊரின் தொழிலாளி, ஏற்றுமதிக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டதை உடுத்துகிறாள்.

இதைச் சொன்னவுடன் நம் நாகரிக நண்பர்கள் சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். "கூச்சல், பேரம், புழுதி! கோவை கிராஸ்கட் சாலைக்கு வாரும், பெரும் பெரும் மால்களுக்கு வாரும். குளிர்ந்த காற்று, பளிங்குத் தரை, ஒட்டிய விலை, பேரம் என்ற பேச்சே இல்லை. அதுவல்லவா நாணயமான வணிகம்!" என்கிறார்கள்.

மலிவைத் தேடுவதும் பழையதை வாங்குவதும் கேவலம் என்பவர்களுக்கு முதலில் ஒரு சொல். பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சொந்தப் பட்டறை வைத்த எத்தனையோ தொழிலாளி முதன்முதலில் வாங்கியது எது? வேறொருவர் ஓட்டிக் கழித்த பழைய லேத்து! அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பல் சக்கரம் மாற்றி, அதிலேதான் வாழ்க்கையைக் கடைந்தெடுத்தார்கள். ஈரோட்டு மண்டியிலே வணிகம் பார்த்த பெரியார் காலணாவையும் எண்ணிச் செலவிட்டவர். அதைச் சொல்லிக்கொள்ளவும் அவர் நாணியதில்லை. ஆக, கேவலம் என்ற பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

சங்கிலிக் கடையிலே பேரம் இல்லை என்கிறார்களே, அதைத்தான் நான் மறுக்கிறேன். பேரம் உண்டு, நண்பர்களே! நீங்கள் காண முடியாத இடத்திலே, உங்களைக் கேளாமலே நடக்கிறது. நாம் தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவே பேசுகிறோம். அவர்கள் ஒரே சொல்லிலே பத்து இலட்சம் சட்டைக்குப் பேசுகிறார்கள். கடைக்குள்ளே வாடிக்கையாளனின் வாயை ஒட்டிய விலை அடைத்துவிடும். கடைக்குப் பின்னாலே, செய்து கொடுப்பவனிடம் அவர்களே முழுப் பேரமும் பேசிக்கொள்வார்கள்.

சான்று வேண்டுமா? 2025 ஆகஸ்டு 27. அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவிகிதமாக்கிய நாள். வரி போட்டது வாஷிங்டன். சுமை வந்தது திருப்பூருக்கு. வாங்கும் கம்பெனிகள் ஏற்றுமதியாளரைக் கேட்டன, "விலையிலே எவ்வளவு குறைப்பீர்?" என்று. ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் செய்பவரைப் பார்க்கிறார். அவர் கான்ட்ராக்டரைப் பார்க்கிறார். கான்ட்ராக்டர் தையல் எந்திரத்தின் முன்னே உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிறார். அவன் யாரைப் பார்ப்பான்?

2020 மார்ச்சு மாதத்தை மறந்துவிட்டோமா? கொள்ளை நோய் வந்தது. மேல்நாட்டுக் கடைகள் கதவை மூடின. மூடிய கையோடு, தைத்து முடித்து அட்டைப் பெட்டியிலே அடுக்கிய சரக்குக்கும் ஆர்டர் ரத்து என்று அறிவித்தவை பல. நாம் காதர்பேட்டையிலே ஒரு சட்டையை எடுத்துப் பணம் கொடுக்காமல் நடந்தால் விடுவார்களா? அங்கே அது 'ஒப்பந்த விதி'யாம்!

இந்தப் பேரம் எல்லை மீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று, வங்காள தேசத்திலே டாக்காவுக்கு அருகே சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. முதல் நாளே சுவரில் வெடிப்பு. அதைக் கண்ட பிறகும் ஆர்டர் முடிய வேண்டுமென்று உள்ளே அனுப்பப்பட்டார்கள். மாண்டவர்கள் 1,100க்கும் மேல். பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்களைப் போன்ற தையல் தொழிலாளிகள். இடிபாட்டுக்குள்ளே கிடைத்த சட்டைகளின் கழுத்திலே மேல்நாட்டுச் சங்கிலிக் கடைகளின் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களைக் கத்தரிக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.

தொழிலாளிக்கும் பேரம் பேசத் தெரியும். 1984ஆம் ஆண்டிலே திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதுவும் பேரம்தான்! அன்று எதிரே இருந்த முதலாளியின் வீடு தெரியும், கதவு தெரியும். இன்றைய விலையை முடிவு செய்பவர் வீட்டுக் கதவு எந்தக் கண்டத்திலே இருக்கிறது?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சங்கிலிக் கடையின் மலிவெல்லாம் சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. மொத்தமாக வாங்குகிறான், சரக்குக்கு உடனே பணம் கொடுக்கிறான், வாடகைக்குப் போகாமல் சொந்தக் கட்டடம் கட்டுகிறான். அதனால் குறைகிற காசு திறமையால் குறைகிற காசு. என் வீட்டு எண்ணெய்ப் புட்டியும் போன மாதம் அப்படி ஒரு கடையிலேதான் வாங்கியது. இரண்டு வேளைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிற தோழனிடம் போய், "பத்து ரூபாய் அதிகம் கொடுத்துச் சிறு கடையைக் காப்பாற்று" என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால், அதே கடையிலே மாதக் கடைசியில் நின்று, "சனிக்கிழமை தர்றேனுங்க" என்று சொல்லிப் பாருங்கள்! அதைச் சொல்ல மளிகைக் கடை அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த அண்ணாச்சியால் ஏன் அதே விலைக்கு விற்க முடியவில்லை? சோம்பலா? இல்லை. அவர் வாங்கும் விலையே வேறு! 2022 ஜனவரியிலே, சோப்பும் பற்பசையும் விநியோகிக்கும் நாடு தழுவிய விநியோகஸ்தர் சம்மேளனம் போர்க்கொடி தூக்கியது இதற்காகத்தான். பெருங்கம்பெனிகள் தங்களுக்கு ஒரு விலை, பெரும் மொத்த வணிக நிறுவனங்களுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வைக்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

"வணிகத்திலே அப்படித்தான் இருக்கும்" என்பவர்களே, அமெரிக்காவைப் பாருங்கள்! பொதுவுடைமை நாடல்ல, முதலாளித்துவத்தின் மூலவிக்கிரகம்! அங்கே ஏ அண்டு பி என்ற மளிகைச் சங்கிலி 1930 வாக்கில் ஏறத்தாழ 16 ஆயிரம் கடைகளை வைத்திருந்தது. ஊர்க் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1936இல் ராபின்சன்-பாட்மன் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். போட்டியிடும் இரு கடைக்காரருக்கு, ஒரே சரக்கை, நியாயமான செலவுக் குறைவு இல்லாமல் இரண்டு விலைக்கு விற்காதே என்றது அந்தச் சட்டம். கொடுப்பவனை மட்டுமல்ல, மிரட்டிச் சலுகை வாங்குபவனையும் பிடித்தது. பிற்காலத்தில் அதைத் தூங்க விட்டுவிட்டார்கள். வால்மார்ட் போன்றவை எப்படி வளர்ந்தன என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அங்கேயே பேசுகிறார்கள்.

இங்கே என்ன நிலை? 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது. பாரபட்ச விலை குற்றம்தான். ஆனால், கம்பெனி 'ஆதிக்க நிலையில்' இருப்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு டெல்லிக்குப் போக வேண்டும். சிங்காநல்லூர் மளிகைக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு டெல்லிக்குப் போவாரா?

2012 செப்டம்பரிலே மத்திய சர்க்கார் பல்பொருள் சில்லறை வணிகத்திலே 51 சதவிகித அந்நிய மூலதனத்துக்குக் கதவு திறந்தது. விருப்பம் மாநிலத்துக்கு என்றது. தமிழ்நாடு வேண்டாம் என்றது. சரி, முன்வாசலிலே யானையைத் தடுத்தோம். 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கிற்று. யானை கைப்பேசி வழியே வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது!

ஆகவே கதவடைப்பு மட்டும் போதாது. ஒரே சரக்கு, ஒரே அளவு என்றால் ஒரே விலை: இதைத் தெளிவாகச் சொல்லும் சட்டம் வேண்டும், வழக்கை மாவட்டத்திலேயே விசாரிக்கும் ஏற்பாட்டோடு. தள்ளுபடி கூடாது என்பதல்ல. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவிகிதம் தள்ளுபடி தருகிறதே! அந்தத் தள்ளுபடிக்குச் சர்க்கார் கைகொடுக்கிறது; நெசவாளியின் கூலியிலே கை வைப்பதில்லை. தள்ளுபடியை யார் சுமக்கிறார் என்பதுதான் கேள்வி.

இனி, காதர்பேட்டைக்கே திரும்புவோம். 2023 ஜூன் மாதத்திலே அங்கே பனியன் பஜாரில் தீப்பிடித்து ஏறத்தாழ 50 கடைகள் ஓர் இரவிலே சாம்பலாயின. தகரக் கொட்டகை, நெருக்கடி, பஞ்சுச் சரக்கு, பற்றினால் நிற்குமா? சங்கிலிக் கடை எரிந்தால் இன்ஷூரன்சு வரும். விரிப்புக் கடைக்காரருக்கு என்ன வரும்? 2014இல் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வணிகரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவிலே குறைந்தது நூற்றுக்கு 40 பேர் தெரு வணிகர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. சட்டம் கையிலே இருக்கிறது. திருப்பூரிலும் கோவை டவுன் ஹால் நடைபாதையிலும் விரிப்புப் போட்டிருப்பவரின் கையிலே சான்றிதழ் இருக்கிறதா?

இந்த ஞாயிற்றுக்கிழமை சட்டை வாங்கப் போகும் தோழர்கள் விலை கேட்பதோடு அதையும் கேளுங்கள். இல்லை என்பவரின் பெயரையும், கடை போடும் இடத்தையும், எத்தனை ஆண்டாகப் போடுகிறார் என்பதையும் ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் திங்கட்கிழமை காலை உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவர் நம் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, கையெழுத்தை விடாதீர்கள்.