மொட்டைத் தலை, முழங்கால், முடிச்சு!

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது நம் ஊரில் கிண்டல். மீன் தூண்டிலுக்கும் முழங்காலுக்கும் ஒருத்தர் நிஜமாகவே முடிச்சுப் போட்டார். அதன் புண்ணியத்தில் எத்தனையோ பேர் இரண்டு காலில் நடக்கிறார்கள்.

இதயம் தாறுமாறாகத் துடித்தாலோ, வால்வு கெட்டிருந்தாலோ, உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி ஒரு நாள் கிளம்பி, டவுன் பஸ் மாதிரி காலுக்குள் இறங்கி, தொடை இடுக்கிலோ முழங்காலுக்குப் பின்னாலோ சிக்கிக்கொள்ளும். அதற்குக் கீழே சப்ளை கட்! கால் திடீரென்று பயங்கரமாக வலிக்கும். வெளுக்கும், ஜில்லிடும், மரத்துப் போகும். பாதத்தில் நாடி கிடைக்காது. விரல் அசையவில்லை என்றால் நிலைமை ரொம்ப மோசம்.

1911-ல் பாரிஸில் ஜார்ஜ் லாபே என்ற சர்ஜன் தொடைக் குழாயைத் திறந்து கட்டியை வெற்றிகரமாக எடுத்தார். ஆனால் கட்டி கீழே ஆழத்தில் இருந்தால்? நீளமாகக் கிழித்து, மணிக்கணக்கில் தேட வேண்டும். கால் போனவர்கள் உண்டு. உயிரே போனவர்களும் உண்டு.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி. அமெரிக்காவில் சின்சினாட்டிக்காரர். பள்ளிக்கூட வயசிலேயே ஆஸ்பத்திரியில் சாமான் கழுவப் போனவர். பிறகு டாக்டருக்கே படித்தார். மெல்லிய டியூபின் நுனியில் குட்டி பலூன் வைத்தால் என்ன என்று யோசித்தார். பலூன் எது தெரியுமோ? சர்ஜன் கையுறையின் சுண்டுவிரல் நுனி! பசை போட்டால் ஒட்டவில்லை. மனிதர் மீன் பிடிப்பதில் கில்லாடி. தூண்டிலில் பொய்ப்பூச்சி கட்டுகிற அதே நூல் முடிச்சைப் போட்டார். நின்றது.

தொடை இடுக்கில் சின்னதாக ஒரு வெட்டு. டியூபைக் கட்டியைத் தாண்டி நுழைத்து, பலூனை ஊதி, மெதுவாக இழுத்தால் கட்டி கூடவே வெளியே வந்துவிடும். அவ்வளவுதான் ஆபரேஷன்! மரத்துப்போக ஊசி போட்டே செய்துவிடலாம். 1961-ல் முதல் நோயாளி. கம்பெனிகள் முதலில் சீண்டவில்லை. 1969-ல் பேட்டண்ட். இன்றைக்கும் அதே பலூன்தான் உழைக்கிறது.

ஆனால் பலூனுக்கும் டைம் உண்டு சார். சுமார் ஆறு மணி நேரம். அதற்கு மேல் தசை சாக ஆரம்பித்துவிடும். நம் ஆட்களோ "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, "காலையில பார்த்துக்கலாம்" என்று படுத்துவிடுவார்கள். மரத்த காலில் சூடு பட்டால் புண்ணாவதுதான் மிச்சம். ஆபீஸ் கணக்கு டேலி ஆகாவிட்டால் ராத்திரி உட்கார்ந்து சரி செய்யலாம். இந்தக் கணக்கில் லேட்டானால் காலையே ரைட் ஆஃப் செய்ய வேண்டியதுதான்.

டீக்கடை வாசலில் தம் அடிக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பெர்கர் நோய் என்று ஒன்று உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் குழாயை அடைக்கும். அது தேடி வருவது பெரும்பாலும் புகை பிடிக்கும் இளைஞர்களைத்தான்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வெளுத்து ஜில்லிட்டால், யோசிக்காமல் ஆட்டோ பிடியுங்கள். ரத்தக் குழாய் சர்ஜன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள். தைலம் எங்கேயும் ஓடிப் போகாது. கால்தான் போகும்.