கார்டு வரும் வரைக்கும் வயிறு காத்திருக்குமா?



"ஆதார் வந்தப்புறம் வாங்க." "கார்டு வரட்டும், பார்க்கலாம்." "இந்தச் சீட்டெல்லாம் செல்லாது." ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், கூட்டுறவு சங்கம், பேங்க், எங்கே போனாலும் இந்த மூன்று பேச்சைத்தான் கேட்கிறோம். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருகிறோம். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் சார்ஜ் போச்சு. பதில் சொன்னவருக்கு என்ன போச்சு?

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதாருக்குக் கண், கை, முகம் எல்லாம் பதிந்த பிறகு ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுக்கிறார்களே, அது வெறும் ரசீது அல்ல. 14 இலக்கப் பதிவு எண்ணும், பதிந்த தேதியும் நேரமும் அதில் இருக்கின்றன. கார்டு வரும் வரைக்கும் நம் உரிமைக்கு அதுதான் பிடி. அதைக் கசக்கி இடுப்பில் செருகி, துவைக்கிறபோது தண்ணீரில் கரைத்துவிடாதீர்கள்.

2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவைத்தான் அதிகாரிகள் எல்லோரும் காட்டுகிறார்கள். மானியம் வேண்டுமென்றால் ஆதார் காட்டு, இல்லாவிட்டால் பதிவு செய்ததற்கு ஆதாரம் காட்டு என்கிற பிரிவு அது. ஆனால் அதே பிரிவின் கடைசியில் இன்னொரு வாசகம் இருக்கிறது. ஒருவருக்கு ஆதார் எண் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றால், அவர் பலன் பெறுவதற்கு வேறு சாத்தியமான அடையாள வழியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதன் பொருள். கொடுக்கலாம் என்று இல்லை ஐயா, கொடுக்கவேண்டும்! மேல் பாதியைப் படித்தவர்களுக்குக் கீழ்ப் பாதி மட்டும் கண்ணில் படாமல் போனது எப்படி?

அந்த வேறு வழி என்ன என்பதையும் மத்திய உணவுத்துறை 2017 பிப்ரவரி 8 அறிவிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் வாங்குகிறவர் ரேஷன் கார்டோடு ஆதார் பதிவுச் சீட்டையும், கூட இன்னொரு அடையாளத்தையும் காட்டினால் போதும். வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விவசாயியின் கிசான் போட்டோ பாஸ்புக்கும் உண்டு. எதுவுமே இல்லாத ஏழைக்குத் தாசில்தாரோ கெசட்டட் அதிகாரியோ அலுவலகத் தாளில் போட்டோவோடு கொடுக்கும் அடையாளச் சான்றும் உண்டு. தாசில்தார் கையெழுத்துப் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம்! எத்தனை தாலுகா ஆபீஸில் இதை போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள்? சொத்து வரிக்கும் தண்ணீர் வரிக்கும் மட்டும் தண்டோரா போடத் தெரிகிறது.

கார்டைக் காட்டி சோற்றை நிறுத்தினால் என்ன ஆகும்? 2017 செப்டம்பரில் ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி செத்துப்போனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டை ரத்து செய்துவிட்டார்கள், பட்டினி கிடந்து செத்தாள் என்றார்கள் குடும்பத்தார். மலேரியா என்றது அரசாங்கம். எதுவோ இருக்கட்டும், அந்த வீட்டுக்கு அரிசி நின்றது நின்றதுதான். அதற்கப்புறம் அதே அக்டோபர் 24-ம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது: ஆதார் இல்லை என்பதற்காகப் பெயரை நீக்காதே, கைரேகை விழவில்லை என்பதற்காக அரிசியை மறுக்காதே. மண்வெட்டியும் கதிர் அரிவாளும் தேய்த்த கையில் ரேகையைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் அட்டை இல்லாதவர் பட்டியலில் பெயர் இருந்தால் 12 ஆவணங்களில் ஏதாவது ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்றது தேர்தல் கமிஷன். போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக் போதும், நூறு நாள் வேலை அட்டை போதும். ஊர் ஊராக விளம்பரம் செய்தார்கள். ஓட்டு வாங்கும்போது நம்மை அடையாளம் தெரிகிறது, ஒரு மூட்டை யூரியா வாங்கப் போனால் தெரியவில்லை!

கீழே இருக்கிற ஊழியர்மேல் மட்டும் பழி போடுவது நம் நோக்கமல்ல. சேல்ஸ்மேன் கையில் மெஷினைக் கொடுத்து, "மெஷின் ஏற்றால் போடு" என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். சீட்டை ஏற்க மெஷினில் வழி வைக்காதவர்கள்தான் பதில் சொல்லவேண்டும். ஆதார் கேட்கிற துறையே, இன்னும் பதியாத பயனாளிகளுக்குப் பதிவு வசதி செய்து தரவேண்டும் என்று 2016 ஆதார் விதிமுறையிலேயே இருக்கிறது. அந்தப் பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்த இடைவெளியில் புகுந்து பிழைக்கிறவர்கள் புரோக்கர்கள். "டெம்பரவரி கார்டு எடுத்துத் தர்றேன், ஐநூறு வெட்டு" என்கிறான். கொடுக்காதீர்கள்! புதிதாக ஆதார் பதியக் கட்டணமே கிடையாது. எண் வந்துவிட்டதா என்று 1947-க்குப் போன் போட்டு, பதிவுச் சீட்டைப் பார்த்துச் சொன்னால் தெரிந்துவிடும். எண் வந்திருந்தால், தபாலில் கார்டு வராவிட்டாலும், சாதா பேப்பரில் டவுன்லோட் செய்த ஆதாரே செல்லும். ஆதார் ஆணையமே 2018-ல் இதைச் சொல்லிவிட்டது. பிளாஸ்டிக் வழுவழுப்புக்குச் சட்டத்தில் தனி மரியாதை இல்லை.

இப்போது புதுத் தலைவலிக்கு வருவோம். 2025-ல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதியத் தொடங்கினார்கள். பட்டாவில் "க.முருகையன்", ஆதாரில் "முருகையன் க" என்று இருந்தால் இழுபறி. செத்துப்போன அப்பா பேரில் பட்டா இருந்தால் முதலில் வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல், அதுவரை எண்ணுக்குக் காத்திருப்பு. கூட்டுப் பட்டாவோ கேட்கவே வேண்டாம். வாய்வார்த்தைக் குத்தகையில் தலைமுறையாக உழுகிறவனுக்கும், கோயில் நிலத்துச் சாகுபடிதாரனுக்கும் காட்டப் பட்டாவே இல்லை. 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் போட்ட மாநிலம் இது. அப்படியும் உழுகிறவன் பேர் ஏட்டில் ஏறாமலே கிடக்கிறது. ஆதாருக்காவது 7-வது பிரிவு இருக்கிறது. இந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறவனுக்கு அப்படி ஒரு காப்பு எங்கே?

நாம் கேட்பது சலுகை இல்லை. எண் வரும் வரைக்கும் நடப்புப் பசலி அடங்கலையும் விஏஓ சான்றையும் தற்காலிக அடையாளமாக ஏற்க வேண்டும், குத்தகைதாரருக்கும் சேர்த்து. பயிர்க் காப்பீட்டுக்கு இத்தனை வருஷமாக அடங்கலை வாங்கிவைத்த அரசாங்கத்துக்கு இது முடியாத காரியமா? பதிவுச் சீட்டோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். தாசில்தார் அடையாளச் சான்றுக்கு மனு கொடுத்தால் ஏழு நாளில் தரவேண்டும். சர்வர் வேலை செய்யவில்லை என்ற பதிலை நாங்கள் இனி பதிலாக எடுத்துக்கொள்ளமாட்டோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தன்று காலை 10 மணிக்குக் கலெக்டர் அலுவலக வாசலில் கூடுவோம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் முந்தின நாளே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள், எழுதித் தருவார். பதிவுச் சீட்டு ஜெராக்ஸ் இரண்டு, அடங்கல் ஜெராக்ஸ் ஒன்று, போட்டோ இரண்டு. ஒரிஜினல் சீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.