அதிரும் பலகையா, நாற்காலியா?

ஏறி நின்றாலே தாத்தா பாட்டியின் கால்கள் வலுப்பெறும் என்று சொல்லி அதிர்வுப் பலகைகளை விற்கிறார்கள். அதில் அறிவியல் இல்லாமல் இல்லை. பலகை வினாடிக்கு 20 முதல் 50 முறை அதிரும்போது தசைகள் அனிச்சையாகச் சுருங்குகின்றன. மூத்தோரின் கால் வலு சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஆனால், எதனுடன் ஒப்பிட்டு என்று கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பதோடு ஒப்பிட்டால் பலகை வெல்வது எளிது. வழக்கமான உடற்பயிற்சியைவிட அது மேலானது என்பது உறுதியாகவில்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதில் ஏறவும் கூடாது.

வாங்குமுன் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போடுங்கள். கைகளை ஊன்றாமல் பாட்டி 30 வினாடிகளில் எத்தனை முறை எழுந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள். கால் வலுவை அளக்க மருத்துவர்களும் பயன்படுத்தும் சோதனை இது. அடிக்கடி செய்தால் இதுவே பயிற்சி. இதற்குப் பணம் வேண்டாம்; பாட்டியின் அருகில் நீங்கள் நின்றால் போதும்.