குழாய் மூக்குல ஒரு ஃபில்டர்

பொங்கலுக்கு வந்த மக, பையில இருந்து ஒரு சின்னப் பொட்டியை எடுத்து வெச்சா. சமையக்கட்டுக் குழாயோட மூக்குல திருகி மாட்டுற ஃபில்டர். பெங்களூர்ல அவ குடியிருக்கிற வீட்டுல இதைத்தான் மாட்டியிருக்காளாம். "இனிமே தண்ணி காய்ச்சிட்டு உக்கார வேண்டாம்பா"ன்னு சொன்னா. அஞ்சு நிமிஷத்துல மாப்பிள்ளை மாட்டியும் குடுத்துட்டார்.

எங்கம்மா ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சுப் பாத்துது. "தண்ணி நல்லாத் தெளிஞ்சிருச்சு கண்ணு. ஆனா சப்பைத் தண்ணி சப்பைத் தண்ணியாத்தான் இருக்குது"ன்னுச்சு.

அன்னிக்கு மேல்தொட்டியில இருந்தது கிணத்துத் தண்ணிங்க. கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஆத்துத் தண்ணி வராத நாள்ல அதைத்தான் ஏத்துவோம். பக்கத்துத் தோட்டத்துல பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்குது. வாங்கிட்டு வந்து பாத்தோம். ஃபில்டருக்கு முன்னாடி 1,400-க்கு மேல காட்டுச்சு. ஃபில்டர்ல வந்த தண்ணியிலயும் அதேதான். மக மூஞ்சி வாடிப்போச்சு. "ஏமாத்திட்டாங்களாப்பா?"ன்னு கேட்டா.

ஏமாத்தலைங்க. அந்த ஃபில்டர் செய்யற வேலையே வேற. உள்ள இருக்கிறது ரெண்டே சங்கதிதான். ஒண்ணு, மண்ணு, துரு, தூசியைப் பிடிக்கிற பஞ்சு மாதிரி நார். சிலதுல அதுக்குப் பதிலா பீங்கான் குழல் இருக்கும். இன்னொண்ணு கரி. அதுவும் பெரும்பாலும் தேங்காத் தொட்டியைச் சுட்டு, பக்குவம் பண்ணி எடுத்த கரி. காங்கேயம் பக்கம் போனா களம் களமா தேங்கா உடைச்சுக் காயப் போட்டிருப்பாங்க. அந்த மாதிரித் தொட்டிதான் கரியாகி உங்க குழாய்க்கு வருது. குளோரின் வாசத்தையும், தண்ணியில இருக்கிற நாத்தத்தையும் அந்தக் கரி நல்லாவே இழுத்துக்கும்.

ஆனா சர்க்கரை போட்ட காப்பியைத் துணியில வடிகட்டினா சர்க்கரை துணியில நிக்குமா? கரைஞ்ச உப்பும் அப்படித்தான். அதை எடுக்க ஆர்ஓ மெஷின் வேணும். அதுவும் ஒரு லிட்டர் நல்ல தண்ணி குடுக்கிறதுக்கு ரெண்டு மூணு லிட்டரைக் கழிச்சுக் கீழ விட்டுடும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு என்ன தண்ணி வருதுன்னு பாருங்க. மாநகராட்சி ஆத்துத் தண்ணின்னா இந்தக் குழாய் ஃபில்டர் நல்ல உதவிதான். போர் தண்ணின்னா முதல்ல டிடிஎஸ் பாருங்க. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது. வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னாத்தான் 2,000 வரைக்கும். அப்புறம், சாதாரணக் கரி ஃபில்டர் கிருமியைக் கொல்லாது. காய்ச்சறதை நிறுத்தாதீங்க. உள்ள இருக்கிற குடுவையைச் சொன்ன நாள்ல மாத்தலைன்னா அந்தக் கரியிலயே கிருமி குடியேறிக்கும். நாங்க மாட்டுன தேதியைக் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கோம்.

இதோட நிறுத்தினா இது ஒரு சாமான் வாங்கற யோசனையோட முடிஞ்சிரும். எனக்கு உறுத்தறது வேற.

எங்க ஊருக்குப் பேரே ஊத்துலதான். கதித்தமலையில முருகன் வேலைக் குத்தி ஊத்து வரவெச்சாருன்னும், அதனாலதான் ஊத்துக்குளின்னும் பெரியவங்க சொல்லுவாங்க. எங்க தோட்டம் ஊருக்குத் தெக்கே, நொய்யல் பக்கம். அப்பாரு வெட்டுன கிணறு. நான் சின்னப் பையனா இருந்தப்ப அதுல குதிச்சு நீஞ்சிட்டு, அந்தத் தண்ணியையே அள்ளிக் குடிப்போம். எங்க மண்ணுல இயற்கையாவே கொஞ்சம் உப்பு உண்டு, இல்லைங்கல. ஆனா குடிக்க முடியாத தண்ணி ஆனது என் காலத்துலதான்.

பனியன் துணியில சாயம் பிடிக்கணும்னா உப்பு போடணும். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, மூட்டை மூட்டையா. வேலை முடிஞ்சா சாயம் பெரும்பாலும் துணியோட போயிரும், உப்பு தண்ணியோட வெளிய வரும். ஆரம்பத்துல கட்டுன பொதுச் சுத்திகரிப்பு நிலையங்க என்ன பண்ணுச்சுன்னா, சுண்ணாம்பு அது இதுன்னு போட்டு நிறத்தைக் குறைச்சு விட்டுச்சு. உப்பு அப்படியே நொய்யலுக்குப் போச்சு. அதாவது, எங்க சமையக்கட்டுல இப்ப மாட்டியிருக்கிற ஃபில்டர் மாதிரியேதான். கண்ணுக்குத் தெரியறதை எடுக்கும், தெரியாததை விட்டுரும்.

1992-ல சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தாங்க. பாசனத்துக்குக் கட்டுன அணையில சாயக்கழிவுதான் தேங்குச்சு. தேக்கி வெச்சா சுத்துப்பட்டுக் கிணறு கெடும், திறந்து விட்டா கீழ கரூர் வரைக்கும் இருக்கிறவங்க பயிர் கெடும். அணையில தண்ணியே நிறுத்தாதீங்கன்னு விவசாயி கேக்கற நிலைமை வந்துச்சு. எங்காவது கேள்விப்பட்டிருக்கீங்களா? 2006-ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளிய வரக்கூடாதுன்னு சொல்லுச்சு. அப்படியும் நிக்காததால 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. உப்பையும் பிரிச்செடுத்துத் தண்ணியைத் திரும்பப் பயன்படுத்தற மாதிரி மெஷின் வெச்சவங்க பின்னாடி ஒவ்வொருத்தரா திறந்தாங்க.

மூடுனப்ப நான் சந்தோஷப்பட்டேன்னு சொன்னா அது முழு உண்மை இல்லைங்க. என் தம்பி மகன் பனியன் கம்பெனிக்குத்தான் போறான். எங்க ஊர்ல பாதி வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்துலதான் எரியுது. கம்பெனி வேண்டாம்னு நான் சொல்லலை. வடிகட்டியை எங்க வைக்கறதுங்கறதுதான் என் கேள்வி. கழிவு வெளிய வர்ற வாசல்ல ஒண்ணு வெச்சு ஒழுங்கா ஓட்டுனா, கீழ ஆயிரம் வீட்டுக் குழாய்க்கு வேண்டியதில்லை. அங்க மிச்சம் பிடிக்கற காசைத்தான் நாம வீட்டுக்கு வீடு செலவு பண்றோம்.

அப்படியே வீட்டுக்கு ஃபில்டர் போட்டுட்டாலும், மாட்டுத் தொட்டிக்கு எதைப் போடறதுங்க? ஊத்துக்குளி வெண்ணெய்னு நீங்க ஆசையா கேட்டு வாங்கறீங்க. அந்த மாடு குடிக்கறது இந்தச் சப்பைத் தண்ணியைத்தான். வெயில் காலத்துல உப்பு ஏறிப் போச்சுன்னா வாயை வெச்சுட்டு எடுத்துரும், பாலும் குறைஞ்சிரும். தென்னைக்கும் அதே தண்ணிதான்.

ஒரு நம்பிக்கை இருக்குது. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 17-ல தொடங்கி வெச்சாங்க. பவானி உபரித் தண்ணியை கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள்ல 1,045 குளம் குட்டைக்குக் கொண்டு போறாங்க. குளம் நிறைஞ்சா நல்ல தண்ணி நிலத்துல இறங்கும், கிணத்து உப்பும் கொஞ்சங் கொஞ்சமா தணியும். நல்ல தண்ணியை மேல விட்டு, கழிவைக் கீழ விடாம இருந்தா மண்ணே எங்களுக்கு ஃபில்டர்.

மக குடுத்ததைக் கழட்டலைங்க. ஆத்துத் தண்ணி வர்ற நாள்ல அதுலதான் பிடிச்சு, காய்ச்சிக் குடிக்கறோம். உங்க வீட்டுலயும் மாட்டுங்க, தப்பில்லை. ஆனா குழாய்ல தண்ணி தெளிவா விழுதுன்னு அதோட மறந்துராதீங்க. அடுத்த தடவை பனியன் வாங்கறப்ப, இதோட சாயத் தண்ணி எங்க போச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கேட்டுக் கேட்டுத் தொண்டை காஞ்சு போச்சு. காசு குடுத்து வாங்கற நீங்க கேட்டா காதுல விழும்.