பல்லில் போட்ட கேப் விஷமா?

"வாயில் உலோகம் இருந்தால் நாளெல்லாம் கரைந்து ரத்தத்தில் சேரும். கழற்றிவிட்டு ஜிர்கோனியா போடுங்கள்." இந்த அறிவுரை இப்போது எங்கும் கேட்கிறது. பாதி உண்மை கலந்திருப்பதால் எளிதில் நம்பவும் தோன்றுகிறது.

உலோகம் கசியும், அதை யாரும் மறுக்கவில்லை. நிக்கல்-குரோமியம் கேப்பைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். புளிப்பும் உப்பும் அதைச் சற்று அரிக்கும். கேள்வி, எவ்வளவு என்பதுதான். ஐஎஸ்ஓ சோதனையில் லாக்டிக் அமிலமும் உப்பும் கலந்த கரைசலில், 37 டிகிரியில், 7 நாள் ஊறவைக்கிறார்கள். கரைசலின் பிஎச் 2.3, அதாவது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. சதுர சென்டிமீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் கசிந்தால் அந்தக் கலவை தேறாது. எச்சில் அவ்வளவு புளிப்பதில்லை. பருப்பு, முந்திரி, கோகோ என்று சாப்பாட்டிலேயே பலருக்கு தினம் 100 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் போகிறது.

குரோமியம் என்றால் ராணிப்பேட்டை நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது ஆறு இணைதிறன் குரோமியம். கேப்பிலிருந்து வருவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் வகை. நச்சுத்தன்மை மிகக் குறைவு.

ஈறோரக் கருப்புக் கோட்டையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஈறு சற்று இறங்கியதும் பீங்கானுக்கு அடியிலுள்ள உலோக விளிம்பு தெரிகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான்.

நிக்கல் ஒவ்வாமை மட்டும் மெய்யான பிரச்சினை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் கேப்புக்கு அளவெடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மாற்று உலோகமோ ஜிர்கோனியாவோ தேவைப்படலாம்.

"எதற்கும் கழற்றிவிடுவதே நல்லது" என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. சிமென்ட் வைத்து ஒட்டிய கேப்பைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பல்லும் கொஞ்சம் போகும், உலோகத் தூளும் பறக்கும். வார்ப்பு எளிதாக வருவதற்காகச் சில கலவைகளில் 2 சதவீதம் வரை பெரிலியம் சேர்த்தார்கள். ஐஎஸ்ஓ இப்போது 0.02 சதவீதம்தான் அனுமதிக்கிறது. பெரிலியம் தூள் நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும். ஆக, முதலில் பயப்பட வேண்டியவர் கேப் போட்டுக்கொண்டவர் அல்ல, லேபில் குனிந்து அதைத் தேய்த்து மெருகேற்றுபவர். அவர் மேசையில் தூசி உறிஞ்சும் கருவி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பில்லில் வெறுமனே 'மெட்டல் கேப்' என்று எழுதியிருந்தால், எந்தக் கலவை, பெரிலியம் உண்டா என்றாவது கேளுங்கள்.