கூடு கொடுத்தால் போதுமா?

மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி தினம். 2010-லிருந்து கொண்டாடுகிறார்கள். பெட்டி கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், சரி. குருவி வந்துச்சா என்று யார் போய்ப் பார்த்தது?

சில பெட்டிகளைப் பாருங்கள். தகரக் கூரை, மைனா நுழைகிற ஓட்டை, வாசலில் ஒரு குச்சி. சித்திரை வெயிலில் தகரம் குஞ்சை வேகவைத்துவிடும். குச்சி குருவிக்குத் தேவையே இல்லை, காக்காய்க்குத்தான் வசதி!

டிப்ளமோ படிக்கிற நமக்கு அளவு தெரியாதா? ஓட்டை 32 மில்லிமீட்டர் இருந்தால் குருவி நுழையும், மைனா நுழையாது. கார்பென்டரி ஷாப்பில் மிஞ்சுகிற பலகையே போதும். அடியில் தண்ணீர் வடிய இரண்டு சிறு துளை. பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், ஃபேனுக்கும் பூனைக்கும் தள்ளி மாட்டுங்கள். குஞ்சுகள் பறந்தபின் பழைய புல்லை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிதான். புதரை வெட்டி, மருந்தடித்துவிட்டுப் பெட்டி மாட்டினால்? மெஸ் இல்லாத ஹாஸ்டல் மாதிரிதான்!

ஒர்க்‌ஷாப்பில் அளவு தப்பினால் ஜாப் ரிஜெக்ட் ஆகும், அவ்வளவுதான். இங்கே தப்பினால் போவது உயிர். நூறு பெட்டி வேண்டாம் நண்பா, ஒன்றே ஒன்று செய். சரியாகச் செய்!