பிரமிடு பாக்க கெய்ரோதான் போகணுமா? பல்லாவரத்துல எறங்குங்க!

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கய்யா! எகிப்து டூர் போய்ட்டு வந்த சக பதிவர் ஒருத்தர், ஒட்டகத்து மேல உக்காந்த போட்டோவோட எழுதியிருக்கார். பிரமிடை அடிமைகளைச் சாட்டையால அடிச்சுக் கட்டினாங்களாம், இல்லேன்னா வேற்றுகிரகத்துக்காரன் வந்து கட்டினானாம். கடைசியில ஒரு பெருமூச்சு வேற: "நம்மூர்ல இந்த மாதிரி என்ன இருக்கு?"

முதல்ல அந்தச் சாட்டை. 1990-ல கிசா பிரமிடுகள் பக்கத்துலயே அதைக் கட்டின தொழிலாளிகளோட கல்லறைகள் கிடைச்சது. ராஜா சமாதி நிழல்லயே மரியாதையா அடக்கம் பண்ணியிருக்காங்க. அடிமையை யாராவது அப்படிப் புதைப்பாங்களா? அவங்க தங்கின ஊரையும் தோண்டினாங்க. ரொட்டி சுட்ட அடுப்பும், தின்னு போட்ட மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் ஏகத்துக்கும் கிடைச்சது. 2013-ல செங்கடல் ஓரம் வாடி அல் ஜார்ஃப்ல கிடைச்ச பாபிரஸ்ல மெரெர்னு ஒரு மேஸ்திரி, துரா குவாரியில இருந்து கூஃபு பிரமிடுக்குப் படகுல சுண்ணாம்புக்கல் ஏத்திட்டுப் போனதை நாள்வாரியா எழுதி வச்சிருக்கார். கி.மு. 2560 வாக்குல, 146 மீட்டர் உயரம் கட்டினவன் மனுஷன்தான் சாமி. நம்ம தாத்தாதான் போய்க் கட்டிக் குடுத்தார்னு கிளம்புற கோஷ்டிக்கும் இதே பதில்தான் :-)

இப்ப அந்தப் பெருமூச்சுக்கு வரேன். நான் இருக்கிறது கோவிலம்பாக்கம். ரேடியல் ரோட்டைப் புடிச்சா, டிராபிக் மட்டும் இல்லேன்னா, வண்டில கால் மணி நேரத்துல பல்லாவரம். அங்க 1880-கள்லயே அலெக்சாண்டர் ரீ கால் வச்ச சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்து எழுதி வச்சுட்டார். 2015-லயும் தொல்லியல் துறைக்கு ஒண்ணு கிடைச்சது, சுமார் 2,300 வருஷம் பழசுன்னு சொன்னாங்க. செங்கல்பட்டு வட்டாரம் பூராவும் இதே கதைதான். சாணூர், சிறுதாவூர்னு கல்வட்டங்கள். வட்டமா கல்லை நட்டு, அடியில செத்தவரோட கறுப்பு-சிவப்புப் பானையும் இரும்புச் சாமானும் வச்சுப் புதைச்சிருக்காங்க. பிரமிடு சைஸ் இல்லதான். ஆனா செத்தவனுக்குச் சாமான் கட்டிக் குடுத்து அனுப்பற அதே மனசு.

சரி, போய்ப் பார்க்கலாம்னு ஆட்டோக்காரர்கிட்ட வழி கேட்டேன். "எந்த சுடுகாடு சார்?"ங்கிறார். அவர் மேல தப்பே இல்லை. யார் அவருக்குச் சொன்னா?

எனக்கு எரியறது இங்கதான். 1958 சட்டத்தை 2010-ல திருத்தினாங்க. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா வீடு கட்டக்கூடாது. அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். அங்க ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவர், பையன் கல்யாணத்துக்கு மாடி எடுக்க முடியாம நிக்கிறார். கோயில்னா கும்பிட்டுட்டுப் போவார். அவர் கண்ணுக்குத் தெரியறது முள்ளும் நாலு கல்லும். "இதுக்காகவா என் வீடு நிக்குது?"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றது? அவரைத் 'தமிழ்த் துரோகி'ன்னு திட்டிப் பதிவு போடுற வீரர்கள்ல எத்தனை பேர் அந்தக் கல்லைப் பார்த்திருக்காங்க?

எகிப்துல மட்டும் எல்லாம் சொர்க்கம்னு நினைக்காதீங்க. பிரமிடை ஒட்டியிருக்கிற நஸ்லத் அல் சம்மான் கிராமத்துக்காரங்களை வேலி போட்டுத் தள்ளி வச்சாங்க, வீடுகளை இடிச்சாங்க, அவங்களும் சண்டை போட்டாங்க. ஆனா அங்க வேடிக்கை பார்க்க ஊர் உலகமே வருது. குதிரைக்காரனும் ஒட்டகக்காரனும் அதுல சோறு திங்கிறான். அதனால அந்தக் கல்லு வேணும்னு அவனுக்குத் தெரியும். நம்ம ஆளுக்குக் கல்லால வந்தது தடை மட்டும்தான். வழி காட்டுற போர்டு, பேழை எப்படி இருக்கும்னு ஒரு படம், அதை விளக்கிச் சொல்ல ஒரு ஆள், வீடு கட்ட முடியாதவருக்கு நியாயமான நஷ்டஈடு இல்லேன்னா மாத்து இடம். இதைக் கேட்டு ஒரு மனு போட நமக்கு நேரமில்லை, ஏலியன் பத்திப் பேச மட்டும் மூணு பாகம் தொடர் :-(

டிஸ்கி: வர்ற ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி போறேன். மனுவை எழுதி எடுத்துட்டு வரேன், கையெழுத்துப் போடுறவங்க சேர்ந்துக்குங்க. தொப்பியும் தண்ணி பாட்டிலும் அவங்கவங்க பொறுப்பு. ஒட்டகம் கிடையாது.